தோளில் சாய்ந்தவர்

அவள் மூச்சை இழுத்தால் அதுவும் இழுத்தது, விட்டால் விட்டது. தோளில் சாய்ந்து தூங்கும் கணவரின் மூச்சு இப்படித் தன்னோடு ஒட்டிக்கொண்டே போய்வருவதை, சுற்றுலாப் பேருந்தின் மேல்தளத்தில் கண்விழித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். சும்மா பார்ப்போமே என்று மூச்சை அடக்கினாள். அதுவும் அடங்கியது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக எத்தனையோ கட்டில்களின் பக்கத்தில் நின்றவள் அவள். தூங்குகிற உடம்பு யாருக்காகவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காது. ஆனால் இரண்டு விமானம் மாறி வந்த அசதி; தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. அசதியில் என்னென்னவோ தோன்றும் என்று விட்டுவிட்டாள்.

திட்டம் முழுக்க அவளுடையதுதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவர் மட்டும் வெளியூர் வருவது இதுவே முதல் தடவை, அதுவும் மூன்றே நாள். வந்திறங்கிய பகலில் படுத்துவிட்டால் ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருந்து, மறுநாள் பார்க்க வேண்டிய கோட்டையும் மியூசியமும் பாழாகிவிடும். அதனால் முதல் நாள் நடையும் கிடையாது, படுக்கையும் கிடையாது. ஹோட்டலில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, மாடி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஊரை ஒரு சுற்று. ஆற்றங்கரையில் ஒரு காபி. இருட்டியதும் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம். கணவர் பஸ் டிரைவர். காலமெல்லாம் பஸ்ஸில் கிடந்தவனை லீவிலும் பஸ்ஸில்தான் ஏற்றுவாயா என்று புலம்பிக்கொண்டே ஏறினார். ஒருவரை ஒருவர் தூங்கவிடக் கூடாது என்று பேச்சு. முதலில் கண்ணயர்ந்தது அவள்தான்.

பிற்பகல் வெயில் வெளுத்துப்போயிருந்தது. ஈரக் கல்லும் டீசலும் கலந்த காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருக்க, மரக்கிளைகள் தகரத்தை உரசிச் செல்லும் சத்தத்துக்கு நடுவே, முன்சீட்டில் யாரோ கழற்றிப்போட்ட இயர்போனிலிருந்து ஊரின் பெருமையைச் சொல்லும் பெண்குரல் எறும்பு ஊர்வதுபோலக் கசிந்துகொண்டிருந்தது. மேல்தளத்தில் வேறு யாரும் இல்லை. ஜாக்கெட்டின் குல்லாயை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு அவர் சாய்ந்திருந்தார். குல்லாயில் அவருடைய தலைத்தைலத்தின் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. கழுவிவிட்டு நெடுநாள் பூட்டிவைத்த வார்டில் வருமே, அது.

கைப்பையில் போன் அதிர்ந்தது. மகளாக இருக்கும் என்று எடுத்தாள். திரையில் கணவரின் படம். போனை எங்கேயோ அழுத்திக்கொண்டு தூங்குகிறார் மனுஷர் என்று சிரிப்புகூட வந்தது. அவர் விழித்துவிடாதபடி மெதுவாகக் காதில் வைத்தாள்.

"எழுந்துட்டியா? எத்தனை தடவைதான் கூப்பிடறது."

அவர் குரல்தான். பின்னால் தெருச் சத்தம். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். சதுக்கத்தில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும் என்றார்களாம். அவள் நன்றாகத் தூங்கினாளாம். எழுப்ப மனமில்லாமல் தண்ணீர் வாங்க இறங்கினாராம். திரும்புவதற்குள் வண்டியை எடுத்துவிட்டான், தன் சர்வீஸில் ஒரு ஆளை இப்படி விட்டுவிட்டுப் போனதில்லை என்று நொந்துகொண்டார். பஸ் ஊரைச் சுற்றி வருவதற்குள் பாலத்தில் குறுக்கே நடந்து அடுத்த நிறுத்தத்துக்கு வந்துவிட்டாராம்.

"பஸ் வர்றது இங்கேர்ந்து தெரியுது. குளிர் வேற தாங்கல. ஜாக்கெட்டை உன் பக்கத்து சீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்."

அவள் குனிந்து பார்த்தாள்.

ஜாக்கெட். அதே நீலம். தோள்கள் நிரம்பியிருந்தன. ஒரு கை அவள் முழங்கைக்குள் கோத்திருந்தது. கையின் நுனி அவளுடைய சேலை மடிப்புக்குள் மறைந்திருந்தது.

"என்னங்க," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "என் பக்கத்துல யாரோ இருக்காங்க."

"இருந்தா இருக்கட்டும். நீ எழுந்து கீழ வா."

எழப் பார்த்தாள். முடியவில்லை. நினைவில்லாத நோயாளிகளைத் தனியாளாகப் புரட்டிப்போட்டவள் அவள். இந்தப் பாரம் அசையவில்லை. முழங்கையைச் சுற்றியிருந்த கை இறுகியது. வலிக்கும்படி இல்லை. ஆசையாகப் பிடித்துக்கொள்வதுபோல.

நிறுத்தம் வந்தது. பேருந்து வேகம் குறைந்தது.

கீழே அவர். வெறும் சட்டை. அக்குளில் இரண்டு தண்ணீர் பாட்டில், காதில் போன். மேல்தளத்தை வரிசையாகத் தேடினார். அவளைக் கண்டுபிடித்தார். சிரித்துக் கையை ஆட்டினார்.

பிறகு பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

தூக்கிய கை அப்படியே நின்றது. பாட்டில்கள் நழுவி விழுந்து உருண்டன. அவர் எடுக்கவில்லை.

"என்னங்க. என்ன தெரியுது?"

போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள்.

"சொல்லுங்க."

பிரேக் பிடிக்காத வண்டியிலும் ஸ்டியரிங்கை விடாத மனிதர் ஓர் அடி பின்னால் போனார். இன்னோர் அடி. முதுகு சுவரில் முட்டியது.

"திரும்பாத," என்றார். அழுகிற குரல். "அந்தப் பக்கம் திரும்பிடாத."

இறங்க யாரும் மணி அடிக்கவில்லை. ஏற யாரும் முன்னே வரவில்லை. பேருந்து நிற்காமல் நகர்ந்தது. சுவரோரம் அவர் சிறிதாகிக்கொண்டே போனார்.

அவள் திரும்பவில்லை. எதிரே சாலையையே பார்த்தாள். கண் எரிந்தது. இமை கனத்தது.

தோளில் பாரம் குறைந்தது.

தலை நிமிர்ந்தது.

அவள் திரும்பவே இல்லை. ஓரக்கண்ணில் நீலக் குல்லாய் தெரிந்தது. மெல்ல, மெல்ல, அது அவள் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது.