பளபளத்த அடுப்பு

"எங்க அண்ணி எங்கப்பாவை அடிக்கிறாங்க. நீங்க வந்து பார்த்துச் சொல்லுங்க, போலீஸ்ல குடுத்துடறேன்," என்றாள் தையல்காரி. உட்காரக்கூட இல்லை.

துப்பறிவாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். குடும்பச் சண்டை என்றாலே அவருக்கு அலுப்பு. தலை நரைத்தும் 'அவசரம்' என்ற பட்டப்பெயர் போகாத உதவியாளர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

தையல்காரி அவர்களைத் தன் அப்பா வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவள் அண்ணன் இறந்தபின் அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும்தான். பெரியவரின் கால்களில் நீல நீலமாகக் கன்றியிருந்தது. "யாருய்யா அடிச்சது?" என்று கேட்டதற்கு, "யாரும் அடிக்கலையே," என்று சிரித்தார். ஈறில் ரத்தம் கசிந்தது.

"பல்லுலயும் குத்தியிருக்காங்க சார்!" என்று அவசரம் குதித்தார். துப்பறிவாளர் சமையலறைக்குள் போனார். அடுப்பு பளபளத்தது. ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. காய்கறிக் கூடை காலி. கெட்டில், டீத்தூள், ரஸ்க் பாக்கெட்டுகள், அவ்வளவுதான்.

சலவைக்கூடத்து வேலை முடிந்து மருமகள் வந்தாள். செருப்பைக் கழற்றக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை.

"சாப்பிட்டாச்சாம்மா?"

"வேலை இடத்துலயே ஆயிடுச்சுங்க. மாமாவும் வெளியில சாப்பிட்டுடுவார்."

"என்ன சாப்பிட்டீங்க?"

அவள் கழற்றிய செருப்பைச் சரியாக வைக்க மறுபடி குனிந்தாள். துப்பறிவாளர் தையல்காரியிடம் திரும்பினார். "உங்க அண்ணி காலைப் பாருங்க."

கணுக்காலுக்கு மேல் அதே நீலத் திட்டுகள்.

"இவங்களை யார் அடிச்சாங்க?" என்றார் துப்பறிவாளர். "மாசக்கணக்கா காயும் பழமும் உள்ள போகலைன்னா வைட்டமின் சி குறையும். லேசா இடிச்சாலே கன்னிப்போகும், ஈறு கசியும். டாக்டர்கிட்ட காட்டுங்க. தினம் சமைக்கிற வீட்டு அடுப்பு இப்படிப் பளபளக்காது. ரெண்டு பேரும் டீயும் ரஸ்க்குமா ஓட்டியிருக்கீங்க."

பெரியவர் தலைகுனிந்தார். "நாள் பூரா துணியோட மாரடிச்சுட்டு வர்றா. அவளை மறுபடி அடுப்புகிட்ட நிறுத்தவா? அதான் வெளியில சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன்."

"எனக்கு மட்டும்னு சமைக்க மனசு வரலை மாமா," என்றாள் மருமகள். "நீங்க கவலைப்படுவீங்களேன்னு நானும் சொல்லிட்டேன்."

தையல்காரி அழுதுவிட்டாள். "வாராவாரம் வாசல்லயே நின்னு சாப்பிட்டாச்சான்னு கேப்பேன். ஆச்சும்பாங்க, போயிடுவேன். மன்னிச்சுடுங்க அண்ணி." கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குக் கிளம்பினாள்.

தெருவில் துப்பறிவாளரும் அவசரமும் மெதுவாக நடந்தார்கள். "சார், நீங்க சாப்பிட்டாச்சா?" என்றார் அவசரம்.

"ஆச்சு," என்றார் துப்பறிவாளர், பழக்கத்தில்.

அவசரம் நின்றுவிட்டார். "என்ன சாப்பிட்டீங்க?"