இடது பக்கத்து நாயனம்

ஜம்புலிங்கம் அந்த வீட்டுக்குப் போனது பட்டப்பகலில்தான். ஆடிக்கிருத்திகை முடிந்து காவடிக் கூட்டம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன வாரம். மலையடிவாரத்துத் தெருவெல்லாம் வாடிய சாமந்தியும் மிதிபட்ட வாழைப்பட்டையும் கிடந்தன. செய்தித்தாளில் சுற்றிய ஓர் இசைத்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவனைப் போலத் தலையை வாரிக்கொண்டு போனான். பயப்பட ஒரு முகாந்திரமும் இல்லை.

அவனுக்குத் திருத்தணி ஸ்டேஷன் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை. எழுபத்தெட்டாம் வருஷம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஸ்டீரியோ என்றால் என்னவென்று தெரிந்தவர்களே கொஞ்சம் பேர்தான். ஜம்புலிங்கமோ தன் கையாலேயே ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்து, இரண்டு பலகைப் பெட்டிகளில் ஸ்பீக்கர் பொருத்தி, வீட்டின் ஒரே கூடத்தை அடைத்து வைத்திருந்தான். அதுவும் போதவில்லை. இதைவிட நல்லது எங்காவது இருக்கும் என்ற அரிப்பு அவனை விடவே இல்லை.

காதை அவன் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதற்கு வேறொரு காரணம் உண்டு. சொந்த ஊர் அம்மையார்குப்பம். வீடு முழுக்க விசைத்தறி. நைனா தேசப்பன் நாற்பத்தைந்து வயதுக்குள் டமாரச் செவிடு. தறிக்கூடத்து இரைச்சலில் யார் குரலும் யாருக்கும் எட்டாது. அங்கே எல்லோரும் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள், எதிரில் இருப்பவர் பார்த்தே புரிந்துகொள்வார். ஜம்புலிங்கமும் சின்ன வயதில் அப்படித்தான் பேசக் கற்றான். நைனா சாகும் வரை மகனின் வாயைத்தான் பார்த்தார், குரலைக் கேட்கவில்லை. அதைக் கண்டு நடுங்கித்தான் அவன் தறியை விட்டு ஓடி வந்தான். கை போனாலும் கால் போனாலும் பிழைத்துக்கொள்வேன், காது போனால் நான் பிணம் என்று மனைவி காஞ்சனாவிடம் வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்வான். என் பேச்சைக் கேட்காத காது இருந்தென்ன போயென்ன என்பாள் அவள்.

அவன் தேடிப் போனது வீரபத்திரன் வீடு. பெரிய தறிக்கூடத்து முதலாளியாக இருந்து போன வருஷம் காலமானவர். கப்பலில் வந்த சீமைச் சரக்காகப் பார்த்து ஸ்பீக்கர் மேல் ஸ்பீக்கர் மாற்றியவர். ஊர் அதைப் பணக்காரத் திமிர் என்றது. உண்மை வேறு. அவருக்கும் காது போய்க்கொண்டிருந்தது. செட்டில்தான் குறை என்று நினைத்து மனுஷன் கடைசிவரை செட்டையே மாற்றிக்கொண்டிருந்தார். கடைசியாக வாங்கியதுதான் எல்லாவற்றிலும் உசத்தி, அதை அவர் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

அவர் மனைவி ரத்தினம்மாள் அதை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டதும் ஜம்புலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு முன்னால் பள்ளிப்பட்டு போட்டோ ஸ்டுடியோ துரைக்கண்ணு போய்க் கேட்டுவிட்டு, வாங்காமல் திரும்பியிருந்தார். அதற்குப் பிறகு ஆள் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, தலைக்கனம் ஏறிவிட்டது என்று பஸ் ஸ்டாண்டில் பேச்சு.

ரத்தினம்மாள் கதவைத் திறந்தாள். சிறுத்த உருவம், வெளுத்த புடவை. முதலில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காதுகளைப் பார்த்தாள். பிறகுதான் உள்ளே வரச் சொன்னாள்.

கூடத்தில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கண் பழகச் சற்று நேரமானது. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், நடுவே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அதற்குள் ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. அவன் வருவதற்கு வெகுநேரம் முன்பே போட்டுச் சூடேற்றியிருக்க வேண்டும். அந்த அறையில் தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி வாசனை அடித்தது. கூடவே கிராம்பு வைத்த வெற்றிலை வாசனை. ரத்தினம்மாளின் வாயில் வெற்றிலை இல்லை.

பெட்டிகளுக்கு நேர் எதிரே ஒரே ஒரு நாற்காலி.

"அங்க ஒக்காருங்க தம்பி. அவரு ஒக்காந்த எடம். சத்தம் அங்கதான் நல்லா வந்து சேருமாம்."

இறந்தவர் நாற்காலி என்று வேறு யாராவது தயங்கியிருப்பார்கள். ஸ்டீரியோ பைத்தியத்துக்கு ஏது தயக்கம்? இரண்டு பெட்டிக்கும் சரிநடுவில் உட்காராவிட்டால் கேட்டதாகவே கணக்கில்லை என்பது அந்தக் கூட்டத்தின் வேதம். தான் கொண்டுவந்த தட்டைப் போட்டுவிட்டு ஜம்மென்று போய் உட்கார்ந்தான்.

எந்தச் செட்டைச் சோதிப்பதாக இருந்தாலும் அவன் அந்த ஒரே தட்டைத்தான் போடுவான். நாயனமும் தவிலும். இடது பக்கத்திலிருந்து நாயனம் வரும், வலது பக்கத்திலிருந்து தவில். எந்த இடத்தில் நாயனக்காரர் மூச்சு இழுப்பார் என்பதுவரை அவனுக்கு மனப்பாடம்.

ஊசி தட்டில் இறங்கியது.

ஜம்புலிங்கத்துக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பெட்டிகள் இருப்பதே தெரியவில்லை. நாயனக்காரர் இடது பக்கம் எதிரே நிற்கிறார். தவில்காரர் விரல்களில் மாட்டிய கூடுகள் தோலில் உரசுவது கேட்கிறது. எத்தனையோ வருஷமாகக் கேட்ட தட்டில் இவ்வளவு ஒளிந்திருந்ததா என்று அவன் உருகிப்போனான். வீட்டில் இருக்கும் தன் செட்டை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

நாயனக்காரர் மூச்சு இழுத்தார்.

கூடவே இன்னொருவரும் இழுத்தார்.

தட்டில் அப்படி ஒரு மூச்சு கிடையாது. அது பெட்டியிலிருந்தும் வரவில்லை. அவன் இடது காதுக்குப் பின்னாலிருந்து வந்தது, வெதுவெதுப்பாக, கிராம்பு வாசனையோடு.

பிரமை என்று தன்னையே அதட்டிக்கொண்டு அசையாமல் இருந்தான். அப்போது முனகல் தொடங்கியது. ஓர் ஆண் குரல், நாயனத்தோடு சேர்ந்து பாட முயன்றது. சுருதி துளியும் சேரவில்லை. அந்த மாதிரி முனகலை ஜம்புலிங்கம் பிறந்த வீட்டில் தினமும் கேட்டவன். காது கேட்காதவர்கள் பாடினால் அப்படித்தான் இருக்கும். நைனா அப்படித்தான் பாடுவார்.

எழுந்துவிட நினைத்து நிமிர்ந்தான். அலமாரியின் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் ரத்தினம்மாள் நிற்பதும் தெரிந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் இடது தோளுக்கு மேலே, வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் இல்லாமல் அவள் உதடுகள் அசைந்தன. தறிக்கூடத்துப் பேச்சு. அவளும் தறிக்காரர் மனைவிதானே, எத்தனை வருஷம் புருஷனிடம் அப்படியே பேசியிருப்பாள். நாற்காலியில் இருப்பவனுக்கும் அந்தப் பேச்சு தெரியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

'இது எப்படிங்க இருக்குது?' என்றன உதடுகள்.

பதிலுக்குக் காத்திருப்பவளைப் போலத் தலையைச் சாய்த்தாள்.

'போட்டோக்காரர் காத விட நல்லா இருக்குதா?'

செட்டைச் சோதித்துப் பார்க்க வந்தவன் தான் என்றல்லவா நினைத்திருந்தான். சோதித்துக்கொண்டிருந்தது வேறு ஆள்.

முனகல் மெல்ல ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக நாயனத்தை நெருங்கியது. அது சுருதியை நெருங்க நெருங்க, ஜம்புலிங்கத்தின் இடது பக்கம் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அந்தக் குரல் அச்சாகச் சுருதியில் சேர்ந்து நின்றது.

அத்தோடு இடது பக்கம் அணைந்துபோனது.

கண்ணாடியில் ரத்தினம்மாள் சிரித்தாள். கணவனுக்குப் பிடித்த சமையல் அமைந்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில். 'அப்போ இன்னொண்ணும் எடுத்துக்குங்க.'

வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு அவன் பாய்ந்து எழுந்தான். நாற்காலி சாய்ந்தது. செருப்பையும் விட்டான், தட்டையும் விட்டான், தெருவில் வந்துதான் மூச்சு விட்டான். இடது பக்கத்திலிருந்து வந்த லாரி அவனை உரசிக்கொண்டு போனது. அதன் ஹாரன் அவனுக்குக் கேட்கவே இல்லை.

அரக்கோணத்து டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஜவ்வு நன்றாக இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது, ஏன் கேட்கவில்லை என்று தனக்கே புரியவில்லை என்றார். ஊர் திரும்பியதும் ஜம்புலிங்கம் பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறி ஸ்டுடியோவுக்குப் போனான். துரைக்கண்ணு அவன் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு தன் இரண்டு காதையும் தொட்டுக் காட்டி, கையை விரித்தார்.

"ரெண்டையும் எடுத்துகினு, சரியில்லன்னுட்டாருப்பா," என்றார். ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார். அவருக்கு அது தெரியவில்லை.

அந்த வாரமே தொடங்கியது. அந்தி நேரம். கடையில் சால்டரிங் இரும்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். செத்துப்போன இடது காதில் ஊசி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு நாயனம். அவன் விட்டுவந்த தட்டு. கூடவே சுருதி சுத்தமாக ஒரு முனகல். மகிழ்ச்சியில் திளைக்கும் முனகல்.

தவில் மட்டும் இல்லை. ஒரு காதுக்கு ஒரு பக்கம்தானே கிடைக்கும்.

தினமும் அந்தியானால் அது வந்தது. ஒரு நாள் கடப்பாரையோடு கிளம்பிப் போனான், செட்டை உடைத்துப் போட்டுவிடுவது என்று. வாசலில் நின்றான். வலது காதுக்கு அந்த வீடு நிசப்தமாக இருந்தது. இடது காதில் உள்ளே தட்டு பாடியது. கதவைத் தள்ளினால் மிச்சமிருக்கும் காதும் அவனோடுதான் உள்ளே போகும். கடப்பாரையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது இடது காதில் ரத்தினம்மாளின் குரல் கேட்டது. இப்போது அவள் வாய்விட்டே பேசினாள். கணவனுக்குத்தான் கேட்கிறதே.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. தம்பி வாசல் வரைக்கும் வந்திருக்குது."

அன்றிலிருந்து அவன் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. வெளியே போகும்போது வலது காதில் பஞ்சு அடைத்துக்கொண்டான். கூடத்திலிருந்த தன் செட்டைக் கழற்றிப் பரணில் ஏற்றினான். காஞ்சனாவை எப்போதும் வலது பக்கமே உட்காரச் சொன்னான். அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தான். பருப்பு விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, எதைப் பேசினாலும் இன்னும் பேசு என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் என் பேச்சு இனிக்கிறதா என்று அவள் கேலி செய்தாள். அவனுக்கு அழுகை வந்தது.

அடுத்த மாதக் கிருத்திகையன்று சாயங்காலம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இடது காதில் வழக்கம்போல நாயனம் ஆரம்பித்தது. காஞ்சனா வலது பக்கம் உட்கார்ந்து, கடைக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் அவள் குரலையே பிடித்துக்கொண்டிருந்தான்.

கிராம்பு வாசனை வந்தது. வலது பக்கத்திலிருந்து.

காஞ்சனாவின் கதை பாதியில் நின்றுபோனது. அவள் நிறுத்தவில்லை. உதடுகள் அசைந்துகொண்டுதான் இருந்தன.

அந்த இடத்தில், மிக அழகாக, தவில் வந்து சேர்ந்தது.

அவள் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவன் தொடையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்பதை அவன் உதட்டைப் பார்த்துத்தான் படித்தான்.

'எதுக்குங்க தாளம் போட்டுகினு இருக்கீங்க?'