பன்னிரண்டு துகள் இடம்

செவ்வாய்க் குடியிருப்பில் குழாயில் தண்ணீர் விடுவதுபோல அஞ்சல் வழியையும் நேரம் வைத்துத்தான் திறப்பார்கள். காலை ஐந்தே முக்காலுக்குத் திறந்ததும், தில்லைநாயகி பல்கூடத் துலக்காமல், அனுப்பும் படங்களைச் சிறிதாக்கித் தரும் எந்திரமான சுருக்கியின் முன் வந்து உட்கார்ந்தாள். பிறந்து ஒன்பது நாளான மகள் மடியில் தூங்கினாள்.

கணவன் முகிலரசன் வியாழனின் நிலவான யூரோப்பாவில் பனி துளைக்கிறான். அவன் ஒப்பந்தம் இன்று முடிகிறது. "பாப்பா மூஞ்சிய அனுப்பு. பாத்துட்டா கிளம்பி வந்துடுவேன். இல்லன்னா எட்டு மணிக்கு இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கிடுவாங்க" என்று எழுதியிருந்தான். அங்கே ஆளுக்கு ஒரு குட்டி அஞ்சல் பெட்டிதான். கொள்ளளவைத் துகள் கணக்கில் அளந்து தருவார்கள். அவன் பெட்டியில் மிச்சம் பன்னிரண்டு துகள். குழந்தையின் படமோ நானூற்று எண்பது.

"அவரோட அத்தைமாருங்க கண்டதையும் அனுப்பி அடைச்சிருப்பாங்க" என்று பொருமினாள். "இந்த மனுஷனுக்கு எதையும் அழிக்க மனசு வராது."

சுருக்கி மரியாதையாகத்தான் கேட்டது. "படத்திலிருந்து சுவரை நீக்கலாமா?"

"நீக்கு."

"போர்வை?"

"அதையும்."

"விரல்கள்?"

அந்த விரல்கள் அப்படியே அவனுடையவை. "சரி, எடுத்துத் தொலை."

எண் மளமளவென்று இறங்கிப் பதின்மூன்றில் நின்றது. மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

"இடது கன்னத்தில் ஒரு கறை. நீக்கினால் பன்னிரண்டு."

"கறையா? அது திருஷ்டிப் பொட்டு!"

"அழுக்கு வகையில் பதிவாகியிருக்கிறது."

"பொட்டு இல்லாம புள்ள படத்த அனுப்புவாங்களா? வழியில எத்தன பேர் கண்ணு படும்! வேணும்னா ஒரு காத எடுத்துக்கோ."

"எந்தக் காது?"

குனிந்து பார்த்தாள். எதைக் கொடுப்பது? "வலது... இல்ல, இடது. இடதுதான். சீக்கிரம் அனுப்பு!"

"இடமில்லை" என்றது சுருக்கி.

"இப்பதான பன்னிரண்டு இருந்துச்சு?"

"ஆறு மணிக்கு ஒரு படம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. பனித்துளியுடன் ரோஜாப்பூ, 'இனிய காலை வணக்கம்'. பன்னிரண்டு துகள். அனுப்பியவர் நீங்கள்."

பேறுகால விடுப்பில் பொழுது போகாமல், தெரிந்தவர்களுக்கெல்லாம் தினமும் ஒரு ரோஜாப் படம் தானாகப் போகும்படி அவள்தான் அமைத்திருந்தாள். அமைத்ததையே மறந்துபோனாள். பெட்டிக்குள் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"நாற்பது ரோஜாக்கள். மொத்தம் நானூற்று எண்பது துகள்."

அவள் ஓவென்று அழுதாள். ஒரு வரி எழுதி அனுப்பவும் அங்கே இடமில்லை.

எட்டரைக்கு அவனிடமிருந்து பதில் வந்தது. "நாயகி, இன்னைக்கும் ரோஜா வந்துச்சு. நீ அனுப்புனதுல ஒண்ணக்கூட நான் அழிக்கல. பாப்பா படத்ததான் காணோம். நான் இங்கயே இருக்கட்டும்னு நெனைக்கிற போல. கையெழுத்துப் போட்டுட்டேன். நாளைக்கும் மறக்காம ரோஜா அனுப்பு."