ஏலம் போன கோட்டு

மழைக்கு ஒதுங்கியவன் என்று சொன்னால் அவன் கோபித்துக்கொள்வான். ஏழை நாட்டின் ஆன்மாவைத் தேடி வந்தவனாம். பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுதுகிறவன். 'வறுமையிலும் புன்னகை' என்று தலைப்பைக்கூட வீட்டிலேயே எழுதிக்கொண்டு விமானம் ஏறிவிட்டான். புன்னகைதான் இன்னும் கிடைக்கவில்லை...

கிடைத்தது தகரக் கூரை போட்ட ஒரு தேவாலயம். ஞாயிறு ஆராதனை. சொட்டச் சொட்ட நனைந்து நுழைந்தவனை, வெளிநாட்டு விருந்தாளி என்று முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கூரைமேல் மழை அடித்த அடியில் பிரசங்கம் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவன் மட்டும் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினான்.

அப்போதுதான் பக்கத்து வரிசையில் அவள்... மழை விட்டபிறகும் சொட்டுகிற இலைபோல, அழுது முடித்தும் ஈரம் காயாத கண்கள். அவை அவனைப் பார்க்கவில்லை. முன்னால் மேசைமேல் கிடந்த ஒரு பழைய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

காணிக்கைக்குக் காசில்லாதவர்கள் முட்டை, பூசணி, துணி என்று எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் போதகர் அவற்றை ஏலம் விடுவார். கோட்டின் முறை வந்தபோது அவள் எழுந்து ஒரு விலை சொன்னாள். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. காரணம் ஊருக்கே தெரியும்... அவனுக்குத் தெரியாது.

அவள் ஒரு கணம் திரும்பினாள். அந்த ஈரக் கண்கள் அவன்மேல் பட்டன...

அவன் கை தானாக உயர்ந்தது. இரண்டு மடங்கு சொன்னான். "ஏழைகளுக்காக" என்று வேறு சேர்த்துக்கொண்டு கைதட்டலுக்குக் காத்திருந்தான். மழைதான் தட்டியது. கசங்கிய நோட்டுகளோடு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் அவளிடம் கோட்டை நீட்டினான்.

"வெச்சுக்குங்க... என் அன்பளிப்பா."

"யாரு கேட்டா?"

"உங்களுக்கு வேணும்னுதானே..."

"வேணும்னுதான் காசு கொண்டுவந்தேன் சார். பிச்சைத் தட்டு கொண்டுவரல."

"நான் நல்ல மனசோடதான்..."

"தெரியுமே. பிரசங்கம் ஒண்ணும் காதுல விழாமலே தலையாட்டினீங்கல்ல, அப்பவே தெரிஞ்சுது."

அவன் முகம் கோட்டைவிடக் கசங்கியது. மெதுவாகக் கேட்டான்.

"யாரோடது?"

"அப்பாவோடது. சுரங்கத்துல வேலை. இறங்குறப்ப மேல கழட்டி மாட்டிட்டுப் போவாரு. அன்னிக்கு மண்ணு சரிஞ்சுது... கோட்டு மட்டும் வீட்டுக்கு வந்துச்சு. அவரைத் தோண்டி எடுக்கவே இல்ல."

சாரல் இருவரையும் நனைத்தது. யாரும் நகரவில்லை.

"அம்மா இதை ஆணில மாட்டி, முன்னாடி சோறு வெப்பாங்க. 'ஆறுது, வாங்க'ன்னு கூப்பிடுவாங்க. நேத்துதான் கொஞ்சம் தெளிஞ்சு, கோயிலுக்குக் குடுத்துடலாம்டின்னாங்க. எனக்குத்தான் மனசு வரல. நான் வேலை பாக்குற தையல் கடைல, என் மெஷினுக்குப் பின்னாடி ஒளிச்சு மாட்டிக்கலாம்னு..."

"ஏழைகளுக்காகன்னு சொன்னது பொய்ங்க."

"பின்ன?"

"நீங்க திரும்பிப் பாத்தீங்க... கையைத் தூக்கிட்டேன். வாங்கினது கோட்டுன்னே அப்புறம்தான் தெரியும்."

அடைமொழி இல்லாமல் அவன் சொன்ன முதல் வாக்கியங்கள் அவையாகத்தான் இருக்கும்.

அவள் கோட்டை வாங்கி உதறினாள். போய்விடுவாள் என்று நினைத்தான்.

"போடுங்க. நடுங்குறீங்க."

போட்டான். அவள் பார்த்தாள்... சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கிட்டே வந்து, அவன் மணிக்கட்டுக்கு எட்டாத கோட்டுக் கையை இழுத்துவிட்டாள்.

"குட்டையா இருக்கு. மடிப்பைப் பிரிச்சு இறக்கணும். நாளைக்குக் கடைக்கு வாங்க."

"நான் இப்ப பஸ்ஸுக்கு... ராத்திரி விமானம்..."

"நீங்க போகலாம் சார். கோட்டு இந்த ஊரை விட்டுப் போகாது."

சொன்னவள் கோட்டுக் கையை விடவில்லை.

பஸ் ஹாரன் அடித்தது. அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவன் கோட்டைக் கழற்றவில்லை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க வீட்டுக்கு வர்றப்ப மட்டும் இதைப் போட்டுக்கிட்டு வராதீங்க... அம்மா சோறு வெச்சுடுவாங்க."