கீரைக்காரி மகளுக்கு வந்த பயம்

சூரியன் இறங்க ஆரம்பித்தாலே புஷ்பத்துக்குப் பயம் வந்துவிடும்.

பகலில் அவள் புலி. மயிலாப்பூர் கால்வாய்க்கரைக் குடிசைகளில் அவளைப் போல மரம் ஏற ஆள் கிடையாது. ஆனால் பொழுது சாய்ந்தால் போதும், கண்ணெதிரே யாரோ கரியைக் கரைத்து ஊற்றியது போல் ஆகிவிடும்.

முதலில் அவள் பயப்படவில்லை. அது யுத்த காலம். ஜப்பான் விமானம் வந்து குண்டு போடும் என்று பட்டணம் முழுக்க இருட்டடிப்பு. தெருவிளக்குகளுக்குக் கறுப்பு மூடி மாட்டியிருந்தார்கள். பெரியவர்களே ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு, "ஒண்ணும் தெரியலியே" என்று திட்டிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவளும் நினைத்துவிட்டாள். பாவம், பத்து வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன தோன்றும்?

ஒரு சாயங்காலம் ஐந்து வயதுத் தம்பி நாகராஜ் கத்தினான். "அக்கா, அதோ பாரு! காத்தாடி!"

"எங்கடா?"

"வேப்பமரத்துல மாட்டிகினு கீது. செவப்புக் காத்தாடி. கண்ணு தெரியல உனக்கு?"

சுற்றி நின்ற பிள்ளைகளும் "காத்தாடி, காத்தாடி" என்று கத்தினார்கள். புஷ்பத்துக்குக் காற்றாடி என்ன, வேப்பமரமே தெரியவில்லை. விளக்கு இல்லாமலே மற்றவர்களுக்குத் தெரிகிறது. தனக்கு மட்டும்தான் தெரியவில்லை!

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா முத்தம்மா அழுவாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார்கள். நாளைக்குப் பகலிலும் தெரியாமல் போய்விட்டால்? அன்று முதல் பொழுது சாயும் முன்பே பாயில் சுருண்டுகொண்டாள்.

"ஆட்டம் போட்ட பொண்ணு இன்னா இப்போ பெட்டிப்பாம்பா அடங்கிக் கீது?" என்றாள் அம்மா.

"தலைவலிம்மா."

ஒரு மாதம் இப்படியே ஓடியது. பிறகு ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கத் தம்பியோடு அக்கரைக்குப் போனாள். வரிசை நகரவே இல்லை. திரும்பி வருவதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

வீட்டுக்குப் போக ஒரே வழி, கால்வாய்மேல் போட்டிருந்த பனைமரம்தான். மழை பெய்து தண்ணீர் ஏறியிருந்தது. அதன் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, தூக்கு. எப்பவும் தூக்கிகினுதானே போவே?"

தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். காலால் துழாவினாள். வழுக்கலாக ஏதோ தட்டுப்பட்டது. மரமா, சேறா? வீம்புக்கு ஓர் அடி வைத்தால் இரண்டு பேருமே தண்ணீரில்தான்.

புஷ்பம் தம்பியை இறக்கினாள். அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"யாராச்சும் வாங்களேன்! எனக்குக் கண்ணு தெரியல!"

ஒரு மாதமாக மூடி மூடி வைத்ததைக் கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். கத்தியதும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முத்தம்மாதான் முதலில் ஓடிவந்தாள்.

மறுநாள் காலை தர்மாஸ்பத்திரியில் டாக்டரம்மா புஷ்பத்தின் கண்ணிமைகளை இழுத்துப் பார்த்தார்.

"இது மாலைக்கண். சத்துக் குறைவால வர்றது. நல்ல வேளை, சீக்கிரமே வந்தீங்க. சரியாயிடும். சாப்பாட்டில கீரை உண்டா?"

முத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் கீரைக்காரிம்மா! விடிஞ்சா கூடை கூடையா முருங்கைக்கீரை என் தலைமேலதான் கீது!"

"தலைமேல சரி. பொண்ணு வயித்துல?"

முத்தம்மாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. விற்கிற சரக்கில் கை வைக்கக் கூடாது என்பது அவள் வழக்கம். விற்றது போக வாடியதைப் பால்காரர் மாட்டுக்குப் போடுவாள். வீட்டில் சோறும் மிளகாய்த் துவையலும்தான். மாடுகூடக் கீரை தின்றது, மகள் தின்னவில்லை!

டாக்டரம்மா மீனெண்ணெய் கொடுத்தார். தினமும் கீரை சாப்பிடச் சொன்னார். புஷ்பம் மீனெண்ணெயைக் குடித்ததும் நாகராஜ் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். "அக்கா வாயில மீன் செத்துக் கெடக்குது!"

புஷ்பம் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கீரையை வழித்துச் சாப்பிட்டாள். சாயங்காலம் ஆனால் பயந்துகொண்டே வாசலில் உட்கார்ந்து பார்ப்பாள். முதல் நாள் இருட்டு. மறுநாளும் இருட்டு. ஒரு வாரம் கழித்து மங்கலாக ஏதோ அசைந்தது. அப்புறம் ஒருநாள், வெளிச்சம் மங்கிய வேளையில், எழுந்து நின்று கத்தினாள்.

"டேய் நாகு, அம்மா வருது! தலையில கூடை! கையில வெத்தல!"

முத்தம்மா அப்படியே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பமும் அம்மாவோடு கீரை விற்கப் போனாள். குளக்கரைத் தெருவில் ஒரு வீட்டு மாமி கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி முத்தம்மா, அந்த ஒரு கீரைக்கட்டை மட்டும் துணி போட்டு மூடி வச்சிண்டிருக்கே? அதையும் குடேன்."

"அது விக்கிறதுக்கு இல்லம்மா" என்றாள் முத்தம்மா. "அது எம் பொண்ணோட கண்ணு."