காலி நிலம்

சாப்பாட்டு அறையின் வெள்ளைச் சுவரில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. தரையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்க்கிறவர்களால் வரும் கறை. மல்லசமுத்திரத்தில் தனப்பிரியா தானே வரைந்து கட்டிய புது வீடு அது; அங்கே யாரும் தரையில் உட்காருவதில்லை. கணவன் மோகன்குமார் ரிக் வண்டியோடு ஒடிசாவில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் அவளும் மாமியார் சென்னியம்மாளும்தான்.

சோப்பு நீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். கறை போனது. துணியில் முடி ஒட்டியிருந்தது. நீளமான, சிக்குப் பிடித்த முடி. விளக்கெண்ணெய் வாடை. கடையில் வாங்கும் எண்ணெயின் வாடை அல்ல. பல நாள் தண்ணீர் காணாத தலைகளில் ஊறி, வியர்வையோடு கெட்டுப்போன எண்ணெயின் வாடை.

"மழைக்கு ஓதம் அடிக்குதாட்ட இருக்குது, கண்ணு. பெயிண்டுக்காரனுக்குப் போனைப் போடு" என்றார் சென்னியம்மாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போடறனுங்க அத்தை."

ஆனால் அந்த வாடையை அவளுக்கு முன்பே தெரியும்.

தனப்பிரியா கட்டடக் கலை படித்தவள், கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுப்பவள். இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவின் பழைய தோட்ட மாளிகைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்காகச் சித்திரையில் அங்கே போயிருந்தாள். கரும்புக் காட்டு நடுவே வெள்ளை மாளிகை. மர வேலைப்பாடு செய்த தாழ்வாரம், கடற்காற்று நுழைய உயரமான சன்னல்கள். வீட்டுக்காரக் கிழவர், துரை வம்சம், அன்பாகத்தான் நடந்துகொண்டார். பழைய படங்களையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். மாளிகைக்குப் பின்னால் காகிதப்பூக் கொடி மூடிக் கிடந்த நீளமான, தணிந்த கட்டடத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டபோது, பன்றிக் கொட்டகை என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யப் போன நேரத்தில் அவள் குனிந்து உள்ளே நுழைந்தாள். சன்னல் இல்லை. நான்கு சுவரையும் சுற்றி, உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், விட்டுப்போகாத ஒரு கறுப்புப் பட்டை. அதற்குக் கீழே தரை முழுக்க உடம்புகள் படுத்துத் தேய்த்த பள்ளங்கள், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் கரும்பு வெட்டுவதற்காக இந்தச் சேலத்துச் சீமையிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றியது அவள் படித்ததுதான். விரலால் பட்டையைத் தொட்டாள். இன்னும் பிசுபிசுத்தது. விளக்கெண்ணெய். எருமப்பட்டியில் அவள் பிறந்த வீட்டில் ஆடி மாதத்தில் ஆமணக்கு காய்ச்சும்போது மணக்குமே, அதே எண்ணெய். விரலைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கிழவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். பால் இனிப்பு நன்றாயிருந்தது என்றுகூடச் சொன்னாள்.

புத்தகத்தில் மாடிப்படிக்கு மட்டும் ஒரு தனி அத்தியாயம் எழுதினாள். பின்கட்டடத்துக்கு வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டு, பெயர் எழுதாமல் விட்டுவைத்தாள். அந்தக் கட்டமும் வேண்டாம் என்று சென்னைப் பதிப்பகத்திலிருந்து கௌசிக் போனில் கூப்பிட்டான்.

"அந்தக் குடும்பம் சங்கடப்படறாங்க மேடம். படமெல்லாம் அவங்க குடுத்ததுதானே? காலி நிலம்னு போட்டுடுங்க."

அவள் அழித்தாள். காலி நிலம் என்று போட்டாள். சுவரில் கறை வந்தது அதற்கு மறுநாள்.

துடைத்த இடத்தில் திரும்பவும் வந்தது. இம்முறை பட்டையாக. சாப்பாட்டு அறையைச் சுற்றி, சமையலறைக்குள் புகுந்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஓடி, பூசை அறை வாசலைத் தொட்டது. மண்டியிட்டுத் தேய்த்தாள். விரல்கள் ஊறிச் சுருங்கின. நகக்கண்ணில் கறுப்பாக அழுக்கு ஏறியது; தலைப் பொடுகும் மண்ணும் கலந்த அழுக்கு. கையை எத்தனை முறை கழுவினாலும் சோற்றைப் பிசையும்போது அந்த வாடை. ரசத்தில் அந்த வாடை. முதல் கவளத்திலேயே ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தியெடுத்தாள். நிமிர்ந்தபோது ஆதரவுக்குச் சுவரில் கையை ஊன்றினாள்.

சுவர் சூடாக இருந்தது. வெயில் சூடல்ல. காய்ச்சல்காரனின் பிடரியைத் தொட்டது போல.

பெயிண்டர் அங்கமுத்து வந்து சுவரில் பட்டி மாவு பூசிவிட்டுப் போனார். மாலைக்குள் அது கொதித்து ஆறிய பாலின் ஆடையைப் போலச் சுருங்கி, தளர்ந்து, முழுசாக வழுக்கிக் கீழே விழுந்தது. அடிப்பக்கத்தில் முடி.

"இப்படியொரு ஊட்டை நான் பாத்ததே இல்லீங்க" என்றார் போனில். மறுபடி வரவில்லை.

மத்தியான நேரங்களில், டிவி நின்று தெருவும் அடங்கியபோது, சத்தம் கேட்கத் தொடங்கியது. சொரசொரப்பான சுவரில் ஒரு தலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் புரள்கிற சத்தம். பிறகு அடுத்த தலை. அதற்கடுத்தது. வரிசையாக, ஒருவர் புரண்டால் எல்லோரும் புரண்டாக வேண்டிய நெருக்கத்தில் படுத்திருப்பவர்களைப் போல. சளி கட்டிய மூச்சு. எச்சில் விழுங்குவது. அவள் காதில் விரலை வைத்து அடைத்தாள். விரலில் எண்ணெய்.

ஐப்பசி மழை கொட்டிய சாயங்காலம், பட்டை அவள் எழுதும் அறைக்குள்ளும் வந்துவிட்டது. மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தில் கட்டடத்தை மறுபடி போட்டாள். 'இங்கே ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள்' என்று அடித்தாள். கௌசிக்கைக் கூப்பிட்டாள்.

"அச்சுக்குப் போயாச்சு மேடம். ஒரு பன்னிக் கொட்டகைக்குப் போய்…"

"அது பன்னிக் கொட்டகை இல்ல. நான் உள்ள போனேன். எனக்குத் தெரியும்."



"அப்ப ஏன் மேடம் முதல்லயே சொல்லலை?"

அவள் பேச வாயைத் திறந்தபோது நாக்கில் எண்ணெய் படிந்திருந்தது. துப்பினாள். கறுப்பாக வந்தது.

கரண்ட் போனது.

மழைச் சத்தத்துக்கு அடியில் அந்தப் புரளல். இப்போது எல்லாச் சுவரிலிருந்தும். சுவரைத் தொடாமல், கைகளை மார்போடு ஒடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமியாரை அழைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட வேண்டும். மழையில் நனைந்தால் போதும். நாற்றம் போனால் போதும்.

"அத்தை?"

சோபாவில் யாருமில்லை. கைப்பேசி வெளிச்சத்தைச் சுவரோரமாகத் திருப்பினாள்.

சென்னியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு சுவரில். முழங்கால்கள் மார்பில் இடிக்க, தோள்கள் காதுவரை ஏறி நெரிந்து. இரண்டு கைகளின் சதையும் பலகையில் வைத்து அழுத்தியது போலத் தட்டையாக இருந்தது. இரு பக்கமும் யாரும் இல்லை. வெறும் சுவர். வெறும் தரை. நரைமுடி எண்ணெயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எந்நேரம் கண்ணு நின்னுக்கிட்டே இருப்பே? வந்து உக்காரு" என்றார். எப்போதும் பேசுகிற அதே குரல்.

"அத்தை, எந்திரிங்க. வெளிய போலாம். எந்திரிங்க அத்தை!"

வெளிச்சத்தை வாசல் பக்கம் திருப்பினாள். வாசல் இல்லை. கறுப்புப் பட்டை விடுபடாமல் ஓடியது.

சென்னியம்மாள் தலையை இடது பக்கமாகத் திருப்ப முயன்றார். முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க சாமி. எம்பட மருமவ."

சுவர் நெடுக ஒரு புரளல் ஓடியது. தலைகள் உரசும் சத்தம். பெருமூச்சுகள். யாருக்கோ இருமல். சென்னியம்மாளின் உடம்பு ஒரு சாண் நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் டைல்ஸ் குழிந்து, ஈரமாக, ஓர் ஆளின் இடுப்பளவில் பள்ளமாகியிருந்தது.

தனப்பிரியாவின் மணிக்கட்டில் சூடான, வழுக்குகிற விரல்கள் சுற்றின.

வெளிச்சம் மாமியாரின் முகத்திலேயே நின்றது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் இல்லாத பக்கத்தில் அவருடைய கன்னம் அமுங்கி, வாய் கோணி, அந்தச் சதையில், மெல்ல மெல்ல, இன்னொருவருடைய காது பதிந்துகொண்டிருந்தது.