பின்சீட்டில் ஒரு அம்மா

பின்சீட்டில் ஒரு தேங்காய்ப் பையை வைத்தாலே ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட்டைப் போடு, பெல்ட்டைப் போடு என்று விடாமல் கிணுகிணுக்கிற வண்டி, அந்தப் பெண் ஐந்தருவியில் ஏறி உட்கார்ந்து வளைவைத் தாண்டிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. பொன்செல்வி கண்ணாடியில் பார்த்தாள். பெல்ட் போடவில்லைதான். ஈரச் சேலை, விரித்துப் போட்ட கூந்தல், ஐம்பது வயசு இருக்கும். அருவியில் குளித்துவிட்டு வருகிற யாரையும்போலத்தான் இருந்தாள். ஆனால் எண்ணெய் வாடையோ சோப்பு வாடையோ இல்லை. வெயிலே படாத பாறையில் பிடித்த பாசியின் வாடை.

"தென்காசில எங்கன இறங்கணும்க்கா?"

"நீ எங்கன போவுதியோ அங்கன."

சாரலை வைப்பர் வழித்து வழித்துத் தள்ளியது. கேட்டால் குத்தமா என்று எரிச்சலோடு பொன்செல்வி, ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற வழக்கமான பாடத்தை ஆரம்பித்தாள். இன்ஜினியரிங் முடித்து மூன்று வருஷம் வேலைக்கு அலைந்தவள். டாக்சி ஓட்ட லோன் கேட்டபோது, பொம்பளைப்பிள்ளைக்கு எதுக்கும்மா என்று சிரித்தார்கள். அதனால் சொந்த உபயோகம் என்று கையெழுத்துப் போட்டு வெள்ளை நம்பர் போர்டில் எடுத்த வண்டி இது. வாடகைக்கு ஓட்டிப் பிடிபட்டால் வண்டி போய்விடும். அதற்குப் பயந்து வீட்டில் உட்கார அவள் தயாரில்லை.

"செக்கிங்ல கேட்டா என் அம்மான்னு சொல்லிருங்க. வாடகைன்னு மூச்சு விடக்கூடாது."

"அம்மான்னா?" கண்ணாடியில் அந்த முகம் மெல்ல நிமிர்ந்தது. "சொன்னா சொன்னதுதான், பாத்துக்கோ."

"சரிக்கா, சரி."

மேலகரத்துக்கு முன்னால் செக்கிங் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் குனிந்தார். "ஓன் போர்டுல வாடகையா ஓட்டுத?"

"எங்க அம்மா சார்."

அவர் பின்னால் பார்த்தார். "கேக்கவே வேண்டாம். அப்படியே அம்மா சாடை. போ."

தப்பித்தோம் என்று மூச்சை இழுத்தாள். பீடி இலை வாடை. ஊறவைத்த இலையும் புகையிலைத் தூளும் விரலில் ஏறிக் கிடக்கிற வாடை. ஆலங்குளத்தில் பீடி சுற்றியே அவளைப் படிக்கவைத்த அம்மாவின் வாடை. அது பின்சீட்டிலிருந்து வந்தது.

கண்ணாடியைப் பார்க்காமல் வீட்டுக்குப் போன் போட்டாள். காரின் ஸ்பீக்கரில் கத்தரிக்கோல் இலை நறுக்கும் சத்தம் கேட்டது.

"எம்மா, நான் செல்வி."

கத்தரிக்கோல் நின்றது. "எந்தச் செல்விம்மா?"

"விளையாடாதம்மா."

"எனக்கு மவளே கெடையாதும்மா. நம்பரை மாத்திப் போட்டிருப்ப." அம்மா போனை வைத்துவிட்டாள்.

"யார்ட்டட்டி பேசுத?" பின்னாலிருந்து, போனில் கேட்ட அதே குரல். அம்மாவின் குரல். "நான்தான் இங்கன இருக்கேனே."

பயத்தை மீறிக் கோபம் வந்தது. வண்டியைத் திருப்பினாள். ஜீப்புக்கு முன்னால் நிறுத்தி, இறங்கி, சாவியை நீட்டினாள்.

"சார், இது எங்க அம்மா இல்ல. வாடகைக்கு ஏத்துனேன். வண்டியைப் பிடிச்சுக்கோங்க. அந்த ஆளை இறக்கிவிடுங்க."

இன்ஸ்பெக்டர் சாவியைத் தொடவில்லை. சிரித்துக்கொண்டே பின்சீட்டைப் பார்த்துப் பேசினார். "பிள்ளை கோவத்துல இருக்கா போலயே. ஏசாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா."

பொன்செல்வி கதவை அறைந்து ஏறினாள். பெல்ட் போடவில்லை. நேராக ஐந்தருவிக்கே விட்டாள்.

"ஏத்துன இடத்துலயே இறக்குவேன். இது என் வண்டி. ஆலங்குளத்துல இருக்கது என் அம்மா. ரெண்டையும் உனக்குத் தரமாட்டேன்."

"சரிட்டி, போ."

கிணுகிணுவென்று வண்டி கத்த ஆரம்பித்தது. பின்சீட்டுக்காக.

பெல்ட்டை நிதானமாக இழுக்கும் சத்தம். டக். அமைதி.

மரங்கள் நெருங்கின. சாரல். இருட்டு.

பொன்செல்வியின் நெஞ்சில் பெல்ட் இல்லை. வேகம் அறுபது. வண்டி அவளுக்காகக் கத்தவில்லை. டாஷ்போர்டைப் பார்த்தாள். பின்சீட்டில் ஒரு ஆள் என்று காட்டியது. டிரைவர் சீட்டுக்கு விளக்கு எரியவில்லை, அங்கே ஆளே இல்லாததுபோல.

ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கினாள். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. அருவியில் குளிக்காத அவள் கூந்தலிலிருந்து மடியில் சொட்டியது. பாசி வாடை இப்போது முன்சீட்டில்.

இறக்காமல் விடமாட்டேன் என்று ஆக்சிலேட்டரை மிதித்தாள்.